அளவுக்குக் கீழே

அவசரம்தான், அக்கா. வேறொன்றுமில்லை. தேர்வில் ஏன் தவறினாய் என்று கேட்பாய். அதனால் பதிலை முதலில் எழுதிவிட்டேன்.

அன்புள்ள அக்காவுக்கு, உன் தங்கை. நலமா என்று கேட்டால் நலம் என்பாய். அதனால் கேட்கவில்லை. இதையும் தையற்கடைக்காரம்மாவின் விலாசத்துக்கே அனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே கொடுத்துவிடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

இங்கே பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் ஆக வேண்டுமென்றால் முதலில் அரம் பிடிக்க வேண்டும். கையகல இரும்புத் துண்டு ஒன்று தருவார்கள். அதை மேசையிலுள்ள வைஸின் தாடைகளுக்கு நடுவே இறுக்கி, அரத்தால் தேய்த்து, பக்கங்களைச் சமமாக்கி, மூலைகளை நேராக்க வேண்டும். சொன்ன அளவில் நிறுத்த வேண்டும். இதில் தேறாதவர்களை எந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள். உன் ஊர்ப் பட்டறையில் எனக்குச் சொல்லி வைத்திருக்கும் வேலைக்கும் இதுதான் முதல் படி.

தேய்த்த பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்கு ஓர் ஓரத்தில் மயிரிழையாகத் தெரிந்தது. அங்கே பள்ளம் என்றால் எதிர் ஓரம் மேடு. மேட்டைத் தேய்த்தேன். அது பள்ளமானது. இந்த ஓரம் மேடானது. இதைத் தேய்த்தேன். நடுநடுவே நிறுத்தி அளக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கை நிற்கவில்லை. போனில் நீ சொன்னது காதிலேயே இருந்தது.

கடைசியில் எந்த ஓரத்திலும் வெளிச்சம் இல்லை. அளந்து பார்த்தால் துண்டு அளவுக்குக் கீழே போயிருந்தது. போனதைத் திரும்ப வைக்க அரத்துக்குத் தெரியாது.

எங்கள் பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயரே மூலைமட்டம்தான். அப்படி விறைப்பாக, நேராக நிற்பார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சதுரமெல்லாம் சுத்தமாத்தாம்மா இருக்கு, ஆனா நான் கேட்ட சதுரம் இது இல்லையே என்றார். கழிவுப் பெட்டியில் போட்டார். பக்கத்து வைஸில் நிற்பவள், குரங்கு பங்கு வச்ச கதையா ஆக்கிட்டியேடி, இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருந்தா மோதிரத்துக்குக் கல்லா வச்சிருக்கலாம் என்றாள். சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பிறகு குழாயடியில் வெகுநேரம் கை கழுவினேன்.

மறு தேர்வு அடுத்த பருவத்தில்தான். முன்னாடியே வைக்க முடியுமா சார் என்று கேட்டேன். என்னம்மா அவசரம், கல்யாணமா என்றார். என்ன சொல்வேன்? எங்கள் அக்கா போனில் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் அத்தான் மூச்சுவிடுவது கேட்கிறது, அதற்காக என்றா? ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன்.

தேர்வுக்கு முன் நாம் போனில் பேசினோமே, அன்று அத்தான் எதையோ எடுக்க எழுந்து போனார் போலிருக்கிறது. சீக்கிரம் வந்துடுடி என்றாய். உடனே உரத்த குரலில், சமையல் ஆயிடுச்சு என்றாய். நான் சமையலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். எந்த வீட்லதான் இல்ல, பொறுத்துப் போகச் சொல்லு என்றாள். அதை இதுவரை நான் உனக்கு எழுதவில்லை. எழுதாமல் இருப்பது மட்டும்தான் என்னால் முடிந்தது. நான் ஓர் எட்டு வரட்டுமா என்று போன மாதம் கேட்டதற்கு, வந்துட்டு நீ போயிடுவே, அப்புறம் நான்தானே இருக்கணும் என்றாய். 

நான் நினைத்து வைத்திருந்தது கொஞ்சம்தான். தேறுவேன். உன் ஊருக்கு வருவேன். ஓர் அறை எடுப்பேன். கதவின் உள்பக்கம் என் கையாலேயே ஒரு தாழ்ப்பாள் செய்து பொருத்துவேன். நீ அதைப் போட்டுக்கொண்டு தூங்குவாய். தாழ்ப்பாள் செய்ய இப்போது எனக்குத் தெரியும். கதவுதான் இல்லை.

ஒன்று கேட்கிறேன், அக்கா. எனக்காகக் காத்திருக்காதே. தையற்கடை மாடியில் இடமிருக்கிறது என்று அந்தம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே. சும்மா பேச்சுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். போய் நில். செருப்பை எப்போதும் வாசல் பக்கமே விட்டுவை. போட நேரமில்லை என்றால் போடாமலே போ.

நீ எங்கே இருந்தாலும் உன் தலைமாட்டில் ஒரு கதவு இருக்கட்டும், அதன் தாழ்ப்பாள் உன் பக்கம் இருக்கட்டும்.

உன் தங்கை

கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அவள் பட்டறைக்குத் திரும்பினாள். புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். வைஸில் இறுக்கும் முன் அளந்தாள்.