கண்ணாடிக்குள் நீ போன தெரு

மச்சான்,

ரப்பர் வாடையும் ஊரார் வியர்வையும் கலந்து நாறிய அந்தக் கண்ணாடியைக் கழற்றி நாளாகிறது. வாடை மட்டும் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. முகத்தில் மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள் நிற்கிற மாதிரி காட்டுமே, அந்தக் கண்ணாடி. ஜாத்திரைக்கு முன்னால் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்திருந்தார்கள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நம் அம்மன் ஜாத்திரையைப் பார்க்கலாமாம். ஊர்ப் பெரியவரின் மகன் செய்தது. உன்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போய் ஆட வைத்தானே, அதே இன்ஜினியர்தான். நானும் வரிசையில் நின்று மாட்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சித்தூர் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போன உன்னை, அதற்குள் பார்த்தேன்.

திருப்பதிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? வாடகை ஹால், பல் கிட்டுகிற ஏசி. உன் அசைவைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ள, உடம்பைப் பிடித்த கறுப்பு உடுப்பில் மூட்டுக்கு மூட்டு பளபளவென்று சின்னக் குண்டுகள் ஒட்டியிருந்தார்கள். "இன்னா மச்சான், பொங்கல் மாடு மாதிரி சிங்காரிச்சிட்டானுங்க" என்று சிரித்தாய். மேளம் வேண்டாம், சும்மா ஆடுங்கள், சத்தத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிறோம் என்றான் இன்ஜினியர். நீ அசையவே இல்லை. "எதுருல ஆளு இல்லாத எப்பிடிப்பா ஆடறது? எம் மச்சான் வந்து அடிக்கட்டும், காலு தன்னால வரும்" என்றாய். நான் பறையோடு எதிரில் வந்து நின்றேன். நான் முன்னே வர நீ பின்னே போக, நீ வர நான் போக, இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆடினோம். அவர்கள் உன்னை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக்குள் உனக்கு யாரோ ஒரு சிவப்புப் பையனின் முகத்தை ஒட்டி, தலையில் பட்டுத் துண்டு கட்டியிருந்தான். முகத்தை மாற்றினால் எனக்குத் தெரியாதா? திரும்பும்போது இடது தோள் ஒரு பக்கம் இறங்குமே, அது உன்னுடையது. யாருமே இல்லாத காற்றைப் பார்த்து முன்னே வந்து முன்னே வந்து ஆடிக்கொண்டிருந்தாய். எங்கே தெரியுமா? ஊர்த் தெருவில், கோயில் வாசலில், அம்மனுக்கு நேர் எதிரில்!

காலனியிலிருந்து அம்மன் கரகத்தைப் பறை அடித்து ஆடிக் கூட்டிக்கொண்டு வருவது நாம். ஊர்த் தெரு தொடங்குகிற தண்ணீர்த் தொட்டி முனையில் நம் பறை நின்றுவிட வேண்டும். அங்கிருந்து திருப்பதி பேண்டு செட். வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பேண்டு செட்டுக்குச் சொல்லிட்டோம்பா" என்பார்கள், அவ்வளவுதான். அம்மன் திரும்பி வரும்வரை பறையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெயிலில் நிற்போம். ஒரு வருடம் ஆட்டத்தின் வேகத்தில் நீ முனையைத் தாண்டிவிட்டாய். ஒருவன் உன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. நீ என்னடாவென்றால், "வுடு மச்சான், நம்மளத்தான் நிறுத்தனாங்கோ, சத்தம் கோயில் வரைக்கும் போய்டிச்சி பாரு" என்றாய். அந்தச் சமாதானம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. சத்தம் போய் என்ன கிழித்தது?

கண்ணாடியைக் கழற்றியபோது பெரியவர் பக்கத்தில்தான் இருந்தார். "சூப்பரா ஆடறான் இல்ல?" என்றார், பூரித்துப்போய்.

"கண்ணாடில கோயில் வரைக்கும் போறாரு எங்காளு. இந்த வருசம் நாங்களும் அங்க வரைக்கும் வரோம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "அது பொம்மப்பா. வருசம் பூரா இல்லாத கொடவ, தகராறு இப்ப எதுக்கு?"

மறுநாள் போய் மாட்டிப் பார்த்தேன். கோயில் வாசல் காலி. நீ தண்ணீர்த் தொட்டி முனையில் ஆடிக்கொண்டிருந்தாய். "நைனா மாத்தச் சொன்னாரு. எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா" என்று இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டான். பெங்களூரில் வளர்ந்த பிள்ளை, நாம் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே ராத்திரியில் சொல்லித் தந்துவிட்டார்கள். மண்ணே இல்லாத தெரு அது மச்சான். வெறும் வெளிச்சம். அதில்கூட உனக்கு ஒரு முனை வைத்துவிட்டார்கள் பாவிகள்!

உன் பொண்டாட்டியிடம் வந்து சொன்னேன். என் தங்கச்சி அழவில்லை. "செத்தவரையே நிறுத்திட்டாங்கோ. உசுரோட கீற நீயும் அங்கயே நின்னுக்கினு இருப்பியாண்ணா?" என்று கேட்டாள்.

ஜாத்திரை அன்றைக்கு முனை வந்தது. என் கை நிற்கவில்லை. பின்னால் நம் ஆட்களின் கையும் நிற்கவில்லை. உள்ளே போய்விட்டோம். பேண்டு செட்காரர்களுக்கு ஊர் சங்கதி என்ன தெரியும், நம் அடிக்கு அவர்களும் சேர்த்து வாசித்தார்கள். பாதித் தெருவில் பெரியவர் ஆட்களோடு கை கோத்துக் குறுக்கே நின்றார். அவரையே எதிராளாக வைத்துக்கொண்டு நான் முன்னே வந்து வந்து ஆடினேன். அவர் விலகவில்லை, நானும் திரும்பவில்லை. கரகத்தை மட்டும் கோயிலுக்கு விட்டார்கள், அது திரும்பி வரும்வரை அங்கேயே ஆடினோம். கோயில் வாசலுக்குப் போக முடியவில்லை.

இப்போது ஊர்க்காரர்கள் தோப்பில் மாங்காய் பறிக்க நம் ஆட்களைக் கூப்பிடுவதில்லை. ஏர்பேட்டிலிருந்து லாரியில் ஆள் வந்து இறங்குகிறது. அடுத்த வருடமும் போவோமா என்று நம் ஆட்கள் கேட்கிறார்கள். போவோம் என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டுக்கு எதிரே சிமெண்ட் பெயர்ந்து ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணாடிக்குள் அது கிடையாது. அதில் என் கால் மடங்கி, கணுக்கால் வீங்கிப்போய், இதை எழுதும்போதும் தெறிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நொண்டி நொண்டி அந்தத் தெருவை என்னோடு கொண்டு போகிறேன். நாற்பது வருடம் இதே ஊரில் ஆடிய உனக்கு, அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாமல் போய்விட்டதே மச்சான்.