படத்துக்குக் கீழே கறுப்பு என்று இருந்தது

ஆயில்டேல், கலிபோர்னியா
8 அக்டோபர் 1989, ஞாயிறு

அன்புள்ள லீத்தாவுக்கு,

வெர்லின் சொல்ல, ஹெர்ஷல் எழுதுவது. உன் அக்காவின் வீட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன்.

எந்த ஹெர்ஷல் என்று யோசிக்காதே. தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன், இருபது வருஷம் உன் டேலியாப் பாத்தியை மிதித்துக்கொண்டே நம் பெட்டிக்கு வந்தவன், அவனேதான். சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதவேண்டும் என்று அவனோடு பேச்சு. இப்போதே, "பாத்தி விஷயம் இப்ப எதுக்குப்பா, சுத்திக்கிட்டுப் போனா பக்கத்து வீட்டு நாய் கடிக்கும்ல" என்கிறான். அதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், அவனுக்குத் தெரியும். எனக்கு எழுத்து தெரியாது என்று நானே போய்ச் சொன்னேன். நாற்பது வருஷமாக உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த விஷயம். வாசலில் நின்று அரை மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. அவன் சிரிக்கவில்லை. "கையெழுத்து போடுற தபால் வந்தா உடனே லீத்தாவைக் கூப்பிடுவே. எனக்கு எழுபத்திரண்டிலேயே தெரியும். நீ சொல்றவரைக்கும் தெரியாதுன்னு வச்சிருந்தேன்" என்றான்.

போனில் பேசலாமே என்று நீ நினைப்பாய். பன்னிரண்டு தடவை கூப்பிட்டேன். உன் அக்கா நேடின் எடுக்கிறாள், நீ குளிக்கிறாய் என்கிறாள். அவ்வளவு அழுக்கான ஊரா அந்தக் கிளாமத் ஃபால்ஸ் என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம்.

இங்கே செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் நூற்றெட்டு டிகிரி வரை போயிற்று. டேலியாவுக்குத் தண்ணீர் விடுகிறேன், நீ சொல்வதுபோல் வேரில்தான், இலையில் படாமல். பின்பக்கக் கதவின் கீல் சத்தம் போடுகிறது. எண்ணெய் போடவில்லை. வீட்டில் வேறு சத்தம் இல்லை. பீன்ஸ் நானே வேகவைக்கிறேன், உனக்கு வருகிற மாதிரி வரவில்லை. காலையில் காப்பியை ஒரு கோப்பைக்கு மட்டும் போட எனக்கு இன்னும் கை வரவில்லை. மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டுகிறேன்.

கராஜில் நீ உட்கார்ந்து எனக்குப் பத்திரிகை படித்துக்காட்டும் அந்தப் பழைய மெர்குரி கார் ஸீட்டில் நான் எதையும் வைப்பதில்லை.

பிப்ரவரியில் மண்டபத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. கத்தினேன், சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாதிரி வண்டி செய்கிறவர்களின் போட்டிக்கு இந்த வருஷம் ஒரு விதி போட்டார்கள். பழைய பத்திரிகையில் வந்த வண்டியைப் பார்த்துச் செய்தவர்கள், அந்தப் பக்கத்தை விரித்து வண்டியின் பக்கத்தில் வைக்கவேண்டும். நான் கிளம்பும்போது நீ, "பத்திரிகையை எதுக்கு எடுத்துட்டுப் போறே?" என்று கேட்டாய். எல்லாரும் வைக்கிறார்கள் என்றேன். உன் கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு இருந்தது. அதையே துடைத்துக்கொண்டிருந்தாய். "வேற வண்டி எடுத்துட்டுப் போயேன்" என்றாய். நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டுதான் நான் செய்ததிலேயே நல்லது. கூரையை வெட்டித் தாழ்த்தியதில் கண்ணாடித் தூண் நான்கும் ஒரே கோணத்தில் நிற்கும். டிங்கரிங் வேலையில் முப்பத்தைந்து வருஷம் நிஜ வண்டிகளில் செய்ததை உள்ளங்கை அளவில் செய்திருந்தேன்.

நடுவர் ராய்ஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். எஞ்சினில் குழாய் குழாயாக எண்ணினான். பக்கத்தைப் படித்தான், வண்டியைப் பார்த்தான், மறுபடி படித்தான். "எல்லாம் சரியா இருக்கு வெர்லின். ஆனா கறுப்புன்னு போட்டிருக்கே. இருபது கோட்டு கறுப்பு பெயிண்ட். நீ வெண்ணெய் தடவிக் கொண்டாந்திருக்கே?" என்றான். சுற்றி ஏழெட்டுப் பேர். பத்திரிகையில் படம் கறுப்பு வெள்ளை, அது உனக்குத் தெரியும். நிறத்தைப் படத்துக்குக் கீழே உள்ள எழுத்துதான் சொல்லும். நான் மஞ்சள்தான் என்று அடித்துச் சொன்னேன். அப்போது யாரோ, "அப்ப நீயே படிச்சுக் காட்டுய்யா" என்றார்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. எழுதத் தெரியாதவன் தலையில்தானே வைத்துக்கொள்ளவேண்டும். "முப்பது வருஷமா என்னை வச்சு வேடிக்கை பார்த்தியா" என்று கேட்டேன். "நாற்பத்தோரு வண்டியும் உன் இஷ்டத்துக்கா" என்று கேட்டேன். அடுப்பைத் தணித்தாய், அவ்வளவுதான். நான் கராஜுக்குப் போய், ஊறுகாய் ஜாடியில் பிரேக் ஆயிலை ஊற்றி, அந்த மஞ்சள் ஃபோர்டின் உடம்பைக் கழற்றி அதில் போட்டேன். காலையில் பெயிண்ட் பால் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. நீ கதவருகில் வந்து நின்றாய். "அதையா எடுத்தே, வெர்லின்" என்றாய். சத்தமே இல்லை. வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போய்விட்டாய். இரண்டு வாரம் என்று சொன்னாய்.

இந்த இடத்தில் ஹெர்ஷல் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறான். சளி என்கிறான்.

ஜூலையில்தான் அவனிடம் போனேன். வந்த தபால் எல்லாம் ரொட்டி வைக்கும் பெட்டியில் நிறைந்து வழிந்தது. அதோடு நாற்பத்தோரு பத்திரிகையையும் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் பத்திரிகை என்றேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது, பார். ஒவ்வொன்றாக அவன் படிக்க, அந்த வண்டி அலமாரியில் என்ன நிறத்தில் நிற்கிறது என்று நான் சொல்ல, இரண்டு மத்தியானம் ஆயிற்று. பழுப்புச் சிவப்பு, சரி. வெள்ளை, சரி. கடல் பச்சையில் வெள்ளி கலந்தது, சரி. லீத்தா, நாற்பது வண்டிக்கு நீ படித்தது எழுத்துக்கு எழுத்து சரி. எஞ்சின் சரி, ஊர் சரி, வண்டிக்காரன் பேர் சரி. பதினாறாவது வண்டியிலேயே ஹெர்ஷல் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டான். "இந்தப் பொம்பளையையா பொய்க்காரின்னே?" என்றான்.

ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஏன் அது மட்டும் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் தபாலை எடுத்தான். விளம்பரம், விளம்பரம், பல் டாக்டர். பிறகு ஒரு கடிதத்தைப் பிரித்து, படிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். என்ன என்றேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து, என்றான். திருமதி லீத்தா டீக் அவர்களுக்கு, வருஷா வருஷம்போல் நெல்டா ஃபேயின் கல்லறையில் நவம்பர் பதினொன்றாம் தேதி பூ வைக்கவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

வருஷா வருஷம். நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பேரை நம் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை. இப்போது ஹெர்ஷலை இரண்டு தடவை எழுதச் சொன்னேன், சரியாக இருக்கிறதா என்று பார்க்க. எனக்குப் பார்த்தால் தெரியாது, இருந்தாலும்.

குழந்தை ஒன்பது நாள் இருந்தது. போனது வெள்ளிக்கிழமை. அந்தப் பத்திரிகையை நான் வாங்கிவந்தது அடுத்த மாதம் ஆறாம் தேதி, செவ்வாய், மழை. மருந்துக்கடையில் உனக்குத் தூக்க மாத்திரை வாங்கப் போன இடத்தில் வாங்கினேன். கராஜில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். எஞ்சினைப் படித்தாய், சக்கரத்தைப் படித்தாய். கலர் என்ன என்று கேட்டேன். நீ பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. எழுத்து சின்னதாக இருக்கிறது போல என்று நினைத்து விளக்கை நகர்த்திவைத்தேன். "மஞ்சள்" என்றாய். "இளமஞ்சள்."

பிறகு நான் கலக்கக் கலக்க நீ பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வெள்ளை, இல்லை அதிகம், இப்போது இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாய். "இவ்வளவு விவரமாவா போட்டிருக்கான்" என்று நான் சலித்துக்கொண்டேன். "போட்டிருக்கான்" என்றாய். காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாய். அந்த மாதத்தில் அன்றைக்குத்தான் நீ உட்கார்ந்து சாப்பிட்டாய். ஆட்டுக்கறியும் சோள ரொட்டியும். எனக்கு இத்தனையும் நினைவிருக்கிறது, ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

குழந்தையைக் கொண்டுபோனது ஒரு கறுப்பு வண்டி. அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு கறுப்பு வண்டி நம் வீட்டுக்குள் வருவதை உன்னால் பார்க்க முடியவில்லை. அதுதானே? நான் சொல்வது தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்.

இலையுதிர் காலம் முழுக்க நீ எதையோ மஞ்சள் நூலில் பின்னிக்கொண்டிருந்தாய். குழந்தையை அந்தக் கம்பளியிலேயே சுற்றி வைத்தார்கள் என்று நேடின் சொன்னாள். அவள் சொல்லித்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. அடக்கத்தன்று நீங்கள் எல்லாரும் இறங்கிப் போனீர்கள், நான் காரிலேயே இருந்தேன். கதவுப்பிடியில் கை வைத்திருந்தேன். திறக்கவில்லை. ஸ்டியரிங்கில் எத்தனை கீறல் இருந்தது என்று கேள், சொல்கிறேன். அந்தக் கம்பளி என்ன மஞ்சள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூலையிலிருந்து அந்த மஞ்சளைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். பதினோரு தடவை ஆயிற்று. ஒன்று எலுமிச்சை ஆகிவிட்டது, ஒன்று பல் மாதிரி. பெயிண்ட்டைக் கரைத்த ஜாடியில் அடியில் இருந்ததை வடிகட்டிப் பார்த்தேன், சேறாகத்தான் வந்தது. ஃபோர்டு வெறும் பிளாஸ்டிக்காக அலமாரியில் நிற்கிறது, அதன் இடத்திலேயே. ராய்ஸ் ஒரு நாள் வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தான் போல. நல்லவன்தான். கறுப்பு அடித்துக் கொண்டுவா, அடுத்த வருஷம் முதல் பரிசு உனக்குத்தான் என்றான். இந்த வண்டி கறுப்பு இல்லை என்று சொன்னேன். "பத்திரிகையில போட்டிருக்கே வெர்லின்" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாது ராய்ஸ், எனக்குப் படித்துச் சொல்கிறவள் மஞ்சள் என்றுதான் சொன்னாள் என்றேன். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான்.

உன் பெயரைச் சொல்லி ஒரு வேலை செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கல்லறைத் தோட்டத்துக்கு ஹெர்ஷலைப் பதில் எழுதச் சொன்னேன். இந்த வருஷம் பூ நாங்களே கொண்டுவருகிறோம் என்று. நாங்கள் என்றுதான் எழுதச் சொன்னேன்.

நவம்பர் பதினொன்று சனிக்கிழமை வருகிறது. அன்று ராணுவத்தார் தினம், அவர்கள் கல்லறைகளில் கொடி வைக்க ஊரே அங்கே திரளும். எனக்கு எந்த இடம் என்று தெரியாது. எந்தப் பக்கம் போனீர்கள் என்றுகூட நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. கல்லில் பேர் வெட்டியிருக்கும், ஆனால் எல்லாக் கல்லும் எனக்கு ஒன்றுதான். அவள் பக்கத்திலேயே நின்றாலும் எனக்குத் தெரியாமல் போகும். ஹெர்ஷல் கூட வந்து படித்துக் காட்டுகிறேன் என்றான். நல்ல மனசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ அன்றைக்குச் செய்தது சரி என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. வந்தே ஆகவேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேடினையும் தொந்தரவு செய்யமாட்டேன், இனி போன் வராது. பன்னிரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு வாசலில், ஆணிகள் அடித்த அந்தப் பச்சைக் கதவுக்கு வெளியே நிற்பேன். காருக்குள் இல்லை, வெளியே. நீ வந்தால் எந்தக் கல் என்று காட்டு. வராவிட்டாலும் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்பேன், நேரமும் மாறாது.

குளிர் அங்கே சீக்கிரம் வரும் என்கிறார்கள். மார்பு மூடும்படி உடுத்திக்கொள். கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நெல்டா ஃபேயையும்.

உன்,
வெர்லின்