உன் எடிட்டரை ஏன் பிடுங்கினார்கள்?

இன்று காலை அலுவலகத்தில் எனக்குப் புது மடிக்கணினி கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டிருந்தபோது கை தவறி ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டேன். சட்டென்று அது பேச ஆரம்பித்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தத் தட்டையான குரல். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அதை நிறுத்த மனம் வரவில்லை. உன் ஹெட்போனிலிருந்து நாளெல்லாம் கசிந்துகொண்டிருந்த குரல் அது.

நாகர்கோவிலில் அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் குலசேகரம் பஸ், நீ கடியப்பட்டணம் பஸ். அப்போதே உன் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இரண்டாம் வருடம் திரையில் எழுத்தே தெரியாமல் போயிற்று. நான் அழுதேன். உனக்கு எரிச்சல் வந்தது.

"கரையாத ஏட்டி. எனக்க கண்ணுதான போச்சு, மூளையா போச்சு? நல்ல எடிட்டர் ஒண்ணு பாப்போம்."

பார்த்தோம். நிரல் எழுதக் கிடைக்கும் எடிட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்த்தோம். அழகழகானவை எல்லாம் உனக்கு ஊமையாக இருந்தன. எங்கே தொட்டாலும் அந்தக் குரல் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. என்ன பட்டன் என்று சொல்லாது. கடைசியில் படமோ பட்டனோ இல்லாத, வெறும் எழுத்து மட்டுமே உள்ள ஒரு பழைய எடிட்டரை நீ தேர்ந்தெடுத்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்து அதை உனக்கேற்ப அமைத்தோம். வரி உள்தள்ளி இருந்தால் ஒரு ஒலி, அடைப்புக்குறி விட்டுப்போனால் வேறொரு ஒலி. நிரல் பிழையாகி நின்றால், உன் அம்மா உன்னைக் கூப்பிடும் "ஏட்டி!" என்ற அதட்டலைப் பதிவுசெய்து வைத்தாய். அம்மாவுக்குத் தெரியாமல்தான்.

அதற்குப் பிறகு நீ எழுதிய வேகத்துக்கு எங்களில் ஒருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்படி இருக்கையில்தான் அந்தப் புது டீம் லீட் வந்தார்.

"டீம்ல எல்லாரும் ஒரே எடிட்டர்தான். அதுதான் ரூல்," என்றார்.

"சார், நான் எழுதின ஃபைலத் தொறந்து பாருங்க. எந்த எடிட்டர்ல எழுதினேன்னு அதுல தெரியுதா?"

"அது விஷயமில்லம்மா. மேலிடத்துல முடிவு பண்ணியாச்சு."

"செரி சார். ஒங்க மானிட்டர அணைச்சிட்டு, அந்த எடிட்டர்ல ஒரே ஒரு வரி எழுதிக் காட்டுங்க. நாளையிலேருந்து நானும் அதுல எழுதுகேன்."

அவர் சிரித்துவிட்டு, மற்றவர்களும் சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் நாம் வந்தபோது உன் கணினியில் நீ அமைத்தது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அவர்களுடைய எடிட்டரைப் போட்டிருந்தார்கள். நீ விசைகளை அழுத்திப் பார்த்தாய். "பட்டன். பட்டன்." ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாய். அந்த வாரமே உன் வேலை மந்தமாகிவிட்டது என்று மனிதவளப் பிரிவில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கையைக் கட்டிப்போட்டவர்களே, கை ஏன் அசையவில்லை என்று கேட்டார்கள். உன் குரல் நன்றாக இருக்கிறதாம், வரவேற்பறையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கலாமாம்!

நாம் இரண்டு பேரும் மேலாளர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டோம். கடைசியில் இறங்கி வந்தார்கள். அந்த விதியிலிருந்து உனக்கு மட்டும் மருத்துவ விலக்கு; உன் பழைய எடிட்டரிலேயே எழுதலாம். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை, கண் இன்னும் தெரியவில்லை என்று அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிவந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். போன கண் நடுவில் திரும்பி வந்துவிடுமோ என்ற சந்தேகம் போல.

"பேனா புடிக்கதுக்கு டாக்டர் சீட்டு கேப்பாவளா மக்கா?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டாய். ஒவ்வொரு முறையும் விடுப்புப் போட்டு, வரிசையில் நின்று வாங்கி வந்தாய். துடைத்துவிட்ட அமைப்பை முழுவதும் நினைவிலிருந்தே திரும்ப எழுதினாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். எழவேயில்லை.

அலுவலகத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பெரிய படம், ரோஜா மாலை. உன் அம்மாவை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த லீட் மைக்கைப் பிடித்து, "எங்க நிறுவனம் அவங்களுக்கு எல்லா வசதியும் செஞ்சு குடுத்துச்சு" என்று பேசினார். பேசிவிட்டு அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அம்மா எழுந்து கும்பிட்டார்.

"எனக்க பிள்ளைய நல்லா பாத்துக்கிட்டிய. ஆண்டவரு ஒங்களக் காப்பாத்துவாரு."

அதைக் கேட்டபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன்.

"அம்மா, அவரு சொன்னது உள்ளதில்ல," என்றேன். துடைத்தது, வரவேற்பறை, சான்றிதழ் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு லீடைப் பார்த்து, "சார், அந்த ரூல் இப்பவும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இது அதுக்கான நேரமில்ல."

"அவ உயிரோட இருக்கும்போதும் இப்பிடித்தான தட்டிக்கழிச்சீங்க?"

நீ வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது இதுக்கா மக்கா? மருந்துக்குன்னுல்லா எங்கிட்ட சொன்னா." நான் தலையாட்டினேன். அவர் பொன்னாடையை எடுத்து நிதானமாக மடித்து அந்த மனிதரின் முன்னால் மேசைமேல் வைத்தார்.

"கடலுக்குப் போறவனுக்க வலைய எடுத்து ஒளிச்சு வச்சிட்டு, மீனு எங்கேன்னு கேப்பியளா?" என்றார். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நானும் அவரோடு இறங்கிவிட்டேன்.

அந்த வேலையை விட்டேன். அங்கே விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். இப்போதைய நிறுவனத்தில், கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. "எல்லாரும் இதைத்தான் பயன்படுத்தணும்" என்று யாராவது ஆரம்பித்தாலே காது சூடாகிவிடுகிறது. எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்கிறேன். பதில் வரும்வரை சம்மதிப்பதில்லை. சண்டைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அமைதியாக இரு என்று நல்லவர்கள்கூட வந்து சொல்லிப் பார்க்கிறார்கள்.

இருக்கமாட்டேன், மக்கா.