பள்ளியில் கேட்காத குரல்

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். துணி எதுவும் காயவில்லை.

கரியாஹாட்டில் மனநல டாக்டர். மாத்திரை அதே அளவு. இந்த வாரம் ஏதாவது கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டு, வாங்காமல் வர வேண்டுமாம். எல்லோரும் பார்ப்பார்கள், முகம் சுடும் என்றேன். சுடட்டும், தானாகத் தணியும்வரை அங்கேயே நில்லுங்கள், ஓடிவர ஓடிவரத்தான் பயம் வளரும் என்றார். அவர் சொல்லும்போது சுலபம்.

ஜூலை 10, வியாழன்
புடவைக் கடை. ஹிந்தி குழறியது. கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. வெளியே வந்ததும் அழுகை. இத்தனை வருஷம் பயந்தது இதற்கா?

மகள் மீனுவுக்குக் காலுறை. கொத்தமல்லி.

ஜூலை 11, வெள்ளி
நாளை மீனு பள்ளியில் பெற்றோர் கூட்டம். ரவிக்குத் துறைமுக ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன். "நீ போயிட்டு வாயேன். முடியலைன்னா விடு." அந்த 'விடு'தான் குத்துகிறது. கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் மட்டும்தானே போகிறார்.

மீனு: "நீ போக வேணாம்மா."

என்னால் அவளுக்கு வெட்கம். எட்டு வயதுதான்.

ஜூலை 12, சனி
போனேன். வாசலில் பெங்காலி அம்மாக்கள் கூட்டம். ஒருத்தி "கேமொன் ஆச்சேன்?" என்று நலம் விசாரித்தாள். சிரித்து வைத்தேன். முகம் சுட்டது. தணியும்வரை நின்றேன். முழுக்கத் தணியவில்லை. ஆனாலும் உள்ளே போனேன்.

டீச்சர் நல்ல மாதிரி. ஹிந்தியில் கேட்டார், மீனாட்சி வீட்டில் பேசுவாளா? வாயே மூடமாட்டாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். "இங்கே அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பேர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குவாள். டிபன் நேரத்தில் சுவர் ஓரமாகத் தனியாக நிற்பாள். அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேனே?"

சாயங்காலம் ரவியிடம் கேட்டேன். தெரியும் என்றார்.

"நீயே தவிச்சுக்கிட்டிருக்கே. இதையும் எப்படிச் சொல்றது?"

கோபம்கூட வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
மழை இல்லை. மீனுவுடன் ஏரிக்கரை. பெஞ்ச் ஈரம், துப்பட்டாவைப் போட்டு உட்கார்ந்தோம். மெதுவாகக் கேட்டேன்.

"பேசணும்னு நினைப்பேம்மா. தொண்டை மூடிக்கும்."

"எனக்கும் அப்படித்தான்டி."

"தெரியும். அதான் போக வேணாம்னேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

அது வெட்கம் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்
வெயில். டாக்டரின் கிளினிக்கிலேயே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். நான் போன் பண்றேன் என்றார் ரவி. வேண்டாம் என்றேன்.

நானே செய்தேன். எடுத்தவள் பெயர் கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். நோயாளி பெயர் என்றாள்.

மீனாட்சி என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது. "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போனை வைக்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.