சுவருக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்

இன்று காலை, தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டி மண் வெட்டிக்கொண்டிருந்த ஆள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முழங்கால் ஆழத்தில் ஒரு கறுப்புக் குழாய். அதன் வாயிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கோழி எருவும் உரமும் கலந்த வாடை. மேட்டில் இருக்கும் உன் தம்பியின் தக்காளிக் கூடாரங்களுக்குப் போகும்போதெல்லாம் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே, அதே வாடை.

நீ கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. இதுவரை உன்னை நினைத்து அழுதது வேறு. இன்று அழுதது வேறு.

உனக்குத் தெரியாததா இந்தச் சுவர்? ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைச் சரிவில், நம் தாத்தாக்கள் ஆற்றுக் கல் சுமந்து கட்டியது. சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே, உள்பக்கத்தில் ஆணியால் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். என் தாத்தாவின் பெயருக்குக் கீழே உன் தாத்தாவின் பெயர். அவர்கள் குடியிருந்த லய வீடுகள் போய்விட்டன. அவர்கள் இந்த மலையில் பாடுபட்டார்கள் என்று சொல்ல மிஞ்சியது அந்தச் சுவர் மட்டும்தான்.

நான் தேயிலை பேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சபை என்னிடம் கொடுத்தது. "நீ ஒத்தையா என்னடி பண்ணப் போற? நானும் வரேன்லா" என்று துடைப்பத்தோடு வந்து நின்றாய். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட நீ தவறவில்லை.

மூன்றாவது வருடம் பின்சுவரின் அடியில் ஓதம் ஏறத் தொடங்கியது. மழையே இல்லாத வாரத்திலும் காயவில்லை.

"மழ இல்லயே, தண்ணி எங்கேருந்துடி வருது?" என்று கேட்டேன்.

நீ சுவரைத் தொட்டுப் பார்த்தாய். "பழைய செவுருடி. போன மழைய இன்னும் கக்குது."

நம்பினேன். சொன்னது நீ என்பதால் வேறு யாரையும் கேட்கவில்லை.

பாசியைச் சுரண்டினோம். சன்னல்களைத் திறந்து போட்டோம். கடைசியில், சாரல் அடித்துத்தான் சுவர் ஊறுகிறது என்று எண்ணி, வெளிப்பக்கம் முழுவதும் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். அடியிலிருந்து ஏறிய ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாமல் போய்விட்டது. ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவில் உள்பக்கக் காரை பாளம் பாளமாக விழுந்தது. கீழ்வரிசைப் பெயர்கள் முதலில் போயின. உன் தாத்தாவின் பெயர் என் காலடியில் பொடியாகக் கிடந்தது. நீ ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தாய்.

அடுத்த சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தெரியாத வேலையில ஏன் கைய வெச்சீங்க? எங்க ஆளுங்க பேரயே அழிச்சிட்டீங்களே" என்றார். எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் வரிசையில் நீ பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாய். அப்புறம் வீடுவரை என்னோடு நடந்து வந்து, "விடுடி, மழைய யாரால தடுக்க முடியும்?" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

போன மாதம், பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் பெண்ணொருத்தி ஈப்போவிலிருந்து வந்து பார்த்தாள். "இது மழத்தண்ணி இல்ல ஆன்ட்டி. கீழேருந்து ஏறுது. பின்னால தோண்டிப் பாருங்க" என்றாள். அதனால்தான் இன்று தோண்டினோம்.

மதியம் மேட்டுக்கு ஏறிப் போனேன். என் காலிலிருந்த சேற்றைப் பார்த்ததுமே உன் தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன வருசமாடா?"

"அஞ்சு இருக்கும்க்கா. தண்ணி ரோட்டுக்கு ஓடுனா தக்காளி கெபுன மூடிருவோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. எங்கக்காதான் எடம் காட்டுச்சு. சர்ச் பின்னால தண்ணி போற பழைய லோங்காங் இருக்கு, அதுல விடுன்னுச்சு. அது மண்ணு மூடி அடச்சிருந்தது அப்ப எங்களுக்குத் தெரியாதுக்கா."

"சரி. செவுரு விழுந்தப்ப?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாத்திடறேன்னு சொன்னேன். இப்ப நோண்டுனா அவ கண்டுபிடிச்சிருவா, சும்மா இருன்னு சொல்லிருச்சு."

தம்பியின் பிழைப்புக்காகச் செய்தாய். அது எனக்குப் புரிகிறது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே மண்வெட்டியோடு வந்து வேறு வழி வெட்டியிருப்பேன். ஆனால் நான் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றபோது உண்மை உன் மடியில் இருந்தது. முதுகைத் தடவினாயே, அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மீண்டும் எழுதுகிறேன். சபையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரையும் சொன்னேன். மறைத்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். செத்தவளைப் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளித்தார்கள். உன் தம்பி எழுந்து, "இந்த அக்கா சொல்றது நெசம்" என்று சொன்ன பிறகே அடங்கினார்கள். அவன் குழாயைப் பிடுங்கிவிட்டான். தண்ணீரைத் தேக்கி வைக்கத் தன் நிலத்திலேயே குழி வெட்டியிருக்கிறான். சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். சுவர் காய ஒரு வருடமாகும் என்கிறார்கள். மேல்வரிசையில் என் தாத்தாவின் பெயர் உட்பட ஏழு பெயர்கள் தப்பியிருக்கின்றன. மற்றவை போனது போனதுதான்.

இந்தச் சனிக்கிழமை கூரை விளிம்பில் அடைத்திருந்த இலைகளை எடுக்க ஏணி போட்டேன். உன் மகள் வந்து, "நான் பிடிச்சிக்கிறேன் பெரியம்மா, நீங்க ஏறுங்க" என்றாள். நல்ல பிள்ளை. இரண்டு கையாலும் அழுத்தித்தான் பிடித்தாள். இத்தனை வருடம் நீ பிடித்தபோது நான் ஒருமுறைகூடக் கீழே பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு படிக்கும் பார்க்கிறேன்.