என்னை மண்டோரம்மா ஆக்கியவளுக்கு

அக்கா,

புக்கிட் ரோத்தானில் என் வீட்டுக்கு முன்னால் கால்வாய் ஓரமாக இன்று காலை எவனோ களைக்கொல்லி அடித்துவிட்டுப் போனான். அந்த வாடை ஏறியதும் காப்பி இறங்கவில்லை. நம் செம்பனைக் காட்டு வாடை. உன் மேல் எப்போதும் அடித்த வாடையும் அதுதான்.

எண்பதுகளின் நடுவில், மருந்தடிக்கும் பெண்களுக்கு வேலை வாங்கும் மண்டோராக ஒரு பெண்ணையே போடத் தோட்டத்துத் துரை நினைத்தபோது, எல்லோரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். நானுந்தான். நீ நடந்தால் கூட்டமே நடக்கும். ஆனால் எனக்கு மலாய் எழுதப் படிக்க வந்தது. ஆபீஸ் கிராணி என் பெயரை வாசித்துவிட்டார்.

முதல் நாளே மானம் போனது. “கெளம்புங்க” என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. “நேத்துவரைக்கும் எங்ககூட பம்பு தூக்குனவதானே, இவ என்ன சொல்றது?” என்றாள் ஒருத்தி. தூரத்தில் துரையின் ஜீப் சத்தம். அந்தக் கோலத்தில் அவர் பார்த்திருந்தால் என் பதவி அன்றே போயிருக்கும்.

நீ எழுந்தாய். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, “மண்டோரம்மா, எந்த நெரையில ஆரம்பிக்கணும்ங்க?” என்று காட்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, “என்னடி பாக்குறீங்க? ஏந்திரிங்கலா!” என்றாய். மொத்தக் கூட்டமும் எழுந்தது.

அன்று சாயங்காலம் நன்றி சொல்ல உன் லயத்து வீட்டுக்கு வந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நீ படியில் உட்கார்ந்தாய்.

“என்னக்கா இது கூத்து?”

“கூத்து இல்லம்மா. நான் ஒங்கள வாடி போடின்னா, நாளைக்கி அவளுங்களும் சொல்லுவாளுங்க.”

அதன்பின் ஒருநாளும் நீ என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடவில்லை. ‘வேண்டாம்’ என்று நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. சீ, என்ன மனசு எனக்கு!

சத்தம் போடாமல் வேலை வாங்குகிறவள் என்று துரை மெச்சினார். மேலே மேலே போனேன். வேலை வாங்கியது நீதான் என்று அவரிடம் ஒரு தடவைகூட நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், குழாய் மாட்டிய கையை ஊன்றி எழப் பார்த்தாய். “வாங்கம்மா” என்றாய். ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாமா நான்? “பரவால்ல, இருக்கட்டும்” என்றேன், காட்டில் ஆட்களிடம் பேசுகிற அதே குரலில். நீ கண்மூடுவதற்கு முன் உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

என்னை முன்னால் நிறுத்துவதற்காக நீ ஒரு தங்கச்சியை விட்டுக்கொடுத்தாய். நான் அக்காவையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். கூசுகிறது அக்கா.