கிரகணத்தின் மேல் போட்ட பழி

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடிக்காலிலிருந்து வெற்றிலை நனைந்தே வந்தது. துடைத்து, நூறு நூறாக அடுக்கி முப்பது கவுளி. இடுப்பு விட்டுப்போயிற்று.

நாத்தனார் ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். என் பாப்பாவுக்கு ஆறு வயது. இடது கண் பிறந்ததிலிருந்தே தெரியாது, ஓரமாக ஒதுங்கி நிற்கும். வலது கண் நல்ல கண். அந்த மனுஷன் ஏதோ தழைச்சாற்றை இரண்டிலும் பிழிந்துவிட்டார். நல்ல கண்ணுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டும் சோடிம்மா. ஒண்ணுக்கு மட்டும் விட்டா மருந்து பிடிக்காது."

பாப்பா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். நாத்தனார் அவள் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுக் கிரகணத்தன்னிக்கு வெத்தலைக் காம்பு கிள்ளுனவளுக்குக் கேள்வி வேறயா?" ஆறு வருஷமாக இதே பாட்டு. கிள்ளச் சொன்னது அவருடைய தம்பி, என் வீட்டுக்காரர்தான். சரக்கு வண்டி காத்து நிற்கிறது என்று விரட்டினார். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

7, புதன்

வலது கண் சிவந்து வீங்கிவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். வைத்தியர் சனிக்கிழமை மறுபடி வருவாராம்.

என் தம்பிக்கு ஆள் அனுப்பினேன். நாளை காலை ரயில். இவரிடம் சொல்லவில்லை.

உப்பு தீர்ந்துவிட்டது. விளக்குத் திரியும்.

8, வியாழன்

மதுரை. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. டாக்டர் இருட்டறையில் சின்னக் கருவியைக் கண்ணோரம் வைத்து உள்ளே பார்த்தார்.

"இடது கண்ணுக்குப் பின்னால நரம்பு சேருற இடம் புனல் மாதிரி குழிஞ்சிருக்கும்மா. கருவுலயே அப்பிடி. ரொம்ப அபூர்வம். மருந்து கிடையாது. வலது கண்ணைப் பத்திரமாப் பாத்துக்குங்க. இனி எதையும் ஊத்தாதீங்க."

கிரகணத்தைச் சொன்னேன். எத்தனையாவது மாசம் என்றார். ஏழு.

"நரம்பு உருவாகுறது முதல் ரெண்டு மூணு மாசத்துல. கிரகணம் என்ன செய்யும்?" பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு வயசுலயே அவங்க அப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லி அனுப்பிச்சேனே."

நான் காய்ச்சலில் கிடந்தபோது, அழகர்கோயிலுக்கு என்று பிள்ளையைத் தூக்கிப் போனாரே, அந்த நாள்தான்.

ரயிலில் தம்பி ஏதேதோ பேசினான். எதுவும் காதில் ஏறவில்லை.

9, வெள்ளி

கேட்டேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அக்கா மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்த நேரம். பிறவிக் கோளாறுன்னு தெரிஞ்சா, நம்ம வம்சத்துல இருக்குன்னு பேசுவாங்கல்ல?"

"நான் கிள்ளுனதுன்னு சொன்னா?"

"அது உன்னோட போயிரும்."

ஐந்து வருஷம். சீமந்தம், காதுகுத்து, எந்த வீட்டு விசேஷத்திலும் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் பக்கம் என்னை விட்டதில்லை. இந்த மனுஷன் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தார். சோற்றுத் தட்டை எடுத்துக் கொல்லையில் வீசினேன். இவ்வளவு கோபம் எனக்கு வரும் என்று தெரியாது.

10, சனி

வைத்தியரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். நாத்தனார் குதித்தார். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் தம்பியைப் பார்த்து, "அப்பிடியாடா?"

"ஆமாக்கா."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். நாத்தனார் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, ஆனது ஆச்சு. வெளிய யாரும் கேட்டா கிரகணம்னே சொல்லிக்குவோம்."

கதவைத் திறந்தேன். எதிர்வீட்டில் சொல்லியாயிற்று. அடுத்த வீட்டிலும். இப்போது கிணற்றடிக்குப் போகிறேன்.